கறுத்த தேத்தண்ணி

பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் மரியகொரட்டி இருந்த வரிசை வீட்டு லயத்துக்குப் புதுத் திட்டத்துக் குழாய்த் தண்ணீர் வந்தது. அன்றிலிருந்து தேத்தண்ணி மை மாதிரிக் கறுத்தது. அதே தேயிலைத் தூளை, லயத்துக்குப் பின்னால் ஓடையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் போட்டால் நல்ல பொன்னிறம். மற்ற வீட்டுக்காரர்கள் பேசாமல் பீலிக்கே திரும்பிவிட்டார்கள். இவளுக்குக் காரணம் தெரியாமல் இருப்புக் கொள்ளவில்லை.

டெங்கு பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர் தயாபரன் முன்னால் இரண்டு தேத்தண்ணிக் கிளாஸையும் வைத்தாள்.

"ஒரே தூளு, ஒரே கொதி. இது மட்டும் ஏன் சேர் இப்பிடி?"

"இரும்பு, அக்கா. தேயிலைச் சாயத்தோட சேர்ந்தா கறுத்துரும். ஆனா திட்டத்து டாங்கியில தண்ணி எடுத்துப் பார்த்த ரிப்போர்ட் சரியாத்தானே இருந்துச்சு?"

"நாங்க டாங்கியிலயா குடிக்கிறோம்?"

அவர் சிரித்துவிட்டு, அவள் குழாயிலேயே ஒரு போத்தல் பிடித்துக்கொண்டு போனார். இரண்டு வாரத்தில் முடிவோடு வந்தார். லீற்றருக்கு 0.3 மில்லிகிராம் இரும்புதான் இருக்கலாம், இதில் 1.1 இருந்தது. டாங்கியிலிருந்து லயம் வரை, புதுத் திட்டத்திலும் மாற்றாமல் விட்ட பழைய இரும்புக் குழாய்தான் காரணம்.

"குடிச்சா என்ன நோய் வருத்தம் வரும், சேர்?"

"இந்த அளவுக்கு ஒண்ணும் வராது. ருசி கெடும், வெள்ளைத் துணி கறை புடிக்கும். சனங்க வேணாம்னு தள்ளிருவாங்கன்னுதான் அந்த அளவ வச்சாங்க."

"அப்ப நாக்கக் கேட்டுத்தான் எல்லா அளவும் வச்சாங்களா?"

"இல்லக்கா. கிருமி நாக்குக்குத் தெரியாது. மலக்கிருமி ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

மரியகொரட்டி லயத்துக்குப் பின்னால் கை காட்டினாள். "அப்ப பீலியையும் பாருங்க சேர்."

பீலித் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் ஐஸ் பெட்டியில் பதுளை ஆய்வுகூடத்துக்குப் போயின. நாலாம் நாள் தயாபரன் போன் எடுத்துச் சொன்னார். குழாயில் ஒன்றும் இல்லை; பீலியில்தான் மலக்கிருமி இருந்தது.

அவளால் நம்ப முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். மேல் லயத்துக் கக்கூஸ் குழி, பெய்த மழைக்கு நிரம்பி, புல்லுக்குள் வழிந்து ஓடையில் சேர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மழைக்கும் மகள் ஜெசீகாவுக்கு வந்த வயிற்றோட்டம் நினைவுக்கு வந்தது.

"பளிங்கு மாதிரி இருக்கு, இதுலயா கிருமி?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெரியாயி. மரியகொரட்டி அவள் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போய்க் காட்டினாள். மறுநாளே லயம் முழுக்கக் குழாய்க்குத் திரும்பியது.

இரண்டு மாதத்தில் பழைய குழாயை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டார்கள். கக்கூஸ் குழி மட்டும் இன்னும் அப்படியே கிடக்கிறது. அதைச் சரிசெய்யச் சொல்லித் தோட்ட நிர்வாகத்துக்கு அவள் எழுதிய மனுவில் மேல் லயத்துக்காரர்கள்தான் முதலில் கையெழுத்துப் போட்டார்கள்.