வளைவில் நின்ற லாரி

ஜூபா நிவாரண அலுவலகத்தில் வரைபடம் போடுவது என் வேலை. சண்டைக்குப் பயந்து துரியாங் ஊரிலிருந்து அகதி முகாமுக்கு நடந்துகொண்டிருந்த எழுநூறு பேருக்கு, எண்ணிக்கைக்கேற்ற தடிமனில் கணினியில் ஒரு கோடு இழுத்தேன். மற்ற கோடுகளோடு சிக்கக் கூடாதென்று அதைக் கிழக்கே வளைத்தும் விட்டேன். மேலதிகாரி லாடோ அதையே பாதை என்று நம்பி, தண்ணீர் லாரியை வளைவின் நடுவுக்கு அனுப்பினார்.

மூன்றாம் நாள் டிரைவர் கட்லுவாக் போனில் கேட்டான்: "இங்க ஒரு ஈ காக்கா இல்லண்ணே. எவன் சொன்னான் இந்தப் பக்கம் வருவாங்கன்னு?"

ஜனங்கள் மாட்டுத்தடத்தில் நேராகவே நடந்திருந்தார்கள். அறுபது பேர் வழியிலேயே தாகத்தில் செத்துப்போனார்கள்.

"வளைச்சது பார்வைக்குத்தான் சார். அது வழியில்ல" என்று லாடோவிடம் கத்தினேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சரி, விடு. கோட்டைக் கொஞ்சம் மெலிசாக்கிடு."