உட்பக்கம் கைப்பிடி இல்லாத வேன்

1
கணியம்பாடியில் எங்கள் தெரு மோகனாவால் எம்.எஸ்சி. கணித நுழைவுத் தேர்வு எழுத முடியவில்லை. அதைக் கேள்விப்பட்ட ஆத்திரத்தில் பிறந்தது இந்தக் கதை. பத்திரிகைகளுக்கு எண் போட்டுப் புகார்க் கடிதம் எழுதிப் பழகிய கை. இங்கும் எண் விழுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2
'வறண்ட பாலாற்றின் மேல் தோல் நாற்றம்...'

(அடித்துவிட்டேன். நாற்றத்தை விட்டால் எங்களைப் பற்றி எழுத எவருக்கும் வேறு தொடக்கம் கிடைப்பதில்லை.)

மறுபடி. ஆம்பூர் ஷூ கம்பெனி, சாப்பாட்டு வேளை. அங்கே ஷூ தைக்கும் மோகனா ஆரஞ்சுத் தோலை மேசையில் வைத்து அழுத்துகிறாள். கிழிகிறது.

"பாத்தியாக்கா? வளைஞ்சத தட்டையாக்குனா கிழியும். தட்டையான தோல இழுக்காம ஷூ மூக்குல சுத்துனா சுருக்கம் வந்தே தீரும். இதுக்குத் தேற்றமே இருக்குது! எம்.எஸ்சி.ல முழுசாப் படிக்கலாம்."

"அத சூப்பர்வைசர்கிட்ட சொல்லுடி," என்கிறாள் பக்கத்து மெஷின் ஷஹீன் பானு. "சுருக்கம் விழுந்தா என்னத்தான் பேஜார் பண்றான்."

3
தேர்வு ஞாயிறு காலை, காட்பாடியில். அப்பா சம்பத் அவளைத் தனியாக எங்கும் விடமாட்டார். கம்பெனி வேன் என்றால் மட்டும் விடுவார். ஏற்றுமதி அவசரம், ஞாயிறும் வேன் உண்டு. அதில் ஏறி, டிரைவரிடம் கேட்டு வேலூர் சிக்னலில் இறங்கி, காட்பாடி பஸ் பிடிப்பது மோகனாவின் திட்டம்.

[குறிப்பு: முன்பு ஒருத்தி வழியில் இறங்கிப் போய்ப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். ஊரார் கம்பெனியில் பேசினார்கள். வேன் கதவின் உட்பக்கக் கைப்பிடி கழற்றப்பட்டது. கம்பெனி கேட்டில் டிரைவர் இறங்கி வந்து திறந்தால்தான் உண்டு. பெண்கள் பாதுகாப்பாம்!]

4
"அண்ணா, கதவத் தொறங்க. பரீட்ச." வேலூர் சிக்னலில் சிவப்பு விழுந்ததும் மோகனா கேட்கிறாள்.

"எனக்கு வேல போய்டும்மா. உங்கப்பாருக்கு யாரு பதில் சொல்றது?" என்கிறார் டிரைவர் கோபி.

"பரீட்சைக்குத்தாண்ணா. ஓடிப் போகல."

"அந்தப் பொண்ணும் தையல் கிளாஸுன்னுதான் சொல்லிச்சு."

"இன்னாண்ணா, ஓடிப் போறதுக்கு ஹால் டிக்கெட்டா குடுப்பாங்க?" என்று ஷஹீன் பானு கத்துகிறாள்.

கோபியைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. எல்லோரும் நல்லவர்கள், கதவு மட்டும் திறக்காது. வயிறு எரிவது அதனால்தான்.

5
முடிவு அ: கோபி மனமிரங்கி... (சீ! ஒருத்தி படிக்க இன்னொருவர் மனமிரங்க வேண்டுமா?)

முடிவு ஆ: மோகனா பேராசிரியையாகி அதே கம்பெனிக்குச் சிறப்பு விருந்தினராக வருகிறாள். கம்பெனியே கைதட்டும். அந்தச் சுகத்தை நான் தரமாட்டேன்.

நடந்தது: விளக்கு பச்சையானது, வேன் ஆம்பூருக்குப் போனது. அதை எழுத மறுக்கிறேன். என் சிக்னல் சிவப்பிலேயே நிற்கிறது. பக்கத்தில் காட்பாடி பஸ். வேன் கண்ணாடிக்குள் மோகனா.

கைப்பிடி வெளிப்பக்கம் இருக்கிறது. வெளியே நிற்பது நீங்கள்.