நிறுத்தி வைத்த செங்கல்

“அந்தக் கல்லை மட்டும் ஆட்டாதீங்க சார்.”

“ஆட்டலைம்மா, தொட்டுத்தான் பார்க்கிறேன். தொட்டா தேஞ்சா போயிடும்?”

“தேயாது. கையோட வந்துடும்.”

அப்பா சிரித்துவிட்டார். நாற்பது வயது வரை கரண்டி பிடித்து, பிறகு ஆள் வைத்து வேலை வாங்கும் ஒரு கொத்தனாரிடம் போய்ச் செங்கல் கையோடு வந்துவிடும் என்று சொன்னால் அவர் வேறென்ன செய்வார்?

“இது எங்க தாத்தா வச்ச கல்லும்மா. கடப்பாரை போட்டாலும் வராது” என்றார்.

தையல் இயந்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் ஊசிக் கண்ணில் நூலைக் கோத்தாள். வீட்டின் முன்னறைதான் அவளுடைய தையல் கடை. அறுபது வயதிருக்கும். ஓரம் அடிக்க வந்திருந்த துணிகள் அவளைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. அதன் வழியாக ஒரு கட்டிலின் கால்மாடும், போர்வைக்குள் மேடிட்டிருந்த இரண்டு பாதங்களும் தெரிந்தன.

நாங்கள் தேடி வந்தது அந்தக் கல்லைத்தான்.

அப்பா கட்டிய எல்லா வீடுகளிலும் அது இருக்கும். வாசலுக்கு இடப்பக்கம், நெஞ்சு உயரத்தில், படுக்கை வசமாகப் போகும் செங்கல் வரிசையில் ஒன்று மட்டும் எழுந்து நிற்கும். அந்த ஒரு கல்லை அப்பா வேறு யாரையும் வைக்க விடமாட்டார். ஆட்களை விலகச் சொல்லி, கையைத் துடைத்துக்கொண்டு, நயமான கலவையாகப் போட்டு அவரே பதிப்பார். அதற்கு மேல் பூச்சும் கிடையாது. “எங்க தாத்தா முத்திரை” என்று வீட்டுக்காரர்களிடம் சொல்வார். அந்தத் தாத்தாவை எங்கள் வீட்டில் பெரிய கொத்தனார் என்றுதான் சொல்வோம். எனக்குக் கொள்ளுத்தாத்தா. ஒரு சட்டையும் ஒரு கரண்டியுமாக நகரத்துக்கு வந்து, ஒரு தெருவையே கட்டிய மனிதர். அவருடைய ஊர் எது என்று தன் மகனிடம்கூட அவர் சொன்னதில்லை. ஆற்றுக்கு மேற்கே, செம்மண் பூமி. அவ்வளவுதான்.

இப்போது அப்பா எங்களுக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் கட்டி முடித்து, கடைசியில் எங்கள் முறை. சுவர் நெஞ்சு உயரத்துக்கு வந்ததும் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். அந்த இடத்தில் பெரிய கொத்தனார் தன் கையால் வைத்த கல் ஒன்று வர வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமை தோறும் என்னை ஏற்றிக்கொண்டு ஆற்றுக்கு மேற்கே கிளம்பிவிடுவார். “வாசல்ல ஒரு கல்லு நின்ன மாதிரி வச்ச வீடு ஏதாவது இருக்கா?” என்று கேட்டால் பல ஊர்களில் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். இந்த ஊரில்தான் சைக்கிள் கடைக்காரர் யோசிக்காமல் கையை நீட்டினார்.

“அட, இதோவரேன் வீடா! நேராப் போங்க.”

காரில் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “பார்த்தியா, கூப்பிட்ட குரலுக்கு இதோ வரேன்னு ஓடுற மனுஷன். பட்டப்பேரே வச்சிருக்காங்க!”

அந்தப் பெருமையோடுதான் இப்போது தையல்காரம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார். பேச ஆரம்பித்தால் அப்பாவை நிறுத்த முடியாது.

“வந்த இடத்துல கல்யாணம், பிள்ளைங்க, தொழில், எல்லாம் ஆச்சு. ஆனா ஊர்ப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லைம்மா. யாராவது கேட்டா, அங்க எனக்குன்னு யாரும் இல்லைன்னு ஒரே வார்த்தை. அப்படி ஒரு வைராக்கியம்!”

ஓடிக்கொண்டிருந்த தையல் சக்கரத்தின் மேல் அவள் உள்ளங்கையை வைத்தாள். அது நின்றது.

“யாரும் இல்லைன்னா சொன்னாரு?”

“சாகிற வரைக்கும்.”

அவள் எழுந்து வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்து அவர் காதைப் பார்த்தாள். பிறகு என் காதை. முறம் போல விரிந்த காதுகள் எங்களுக்கு. பள்ளிக்கூடத்தில் நான் அதற்காக வாங்காத கேலி இல்லை.

“சரிதான்” என்றாள். “சொத்துல காது மட்டும் எல்லாருக்கும் பங்கு வந்திருக்கு.”

சுவரில் நின்ற கல்லை விரல் நுனிகளால் பற்றி இழுத்தாள். சிலேட்டுப் பலகையைச் சட்டத்திலிருந்து உருவுவதுபோல அது வந்துவிட்டது. அதை வாசலோரமாக இருந்த இயந்திரத்தின் மேல் வைத்தாள். சுவருக்குள்ளே ஒரு பொந்து. அதிலிருந்து ஒரு சாவியை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். துருவேறி, பல்லெல்லாம் தேய்ந்துபோன சாவி.

“முத்திரையும் இல்லை ஒண்ணும் இல்லை. சாவி வைக்கிற இடம் சார் இது. புருஷனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் வேலைக்குப் போறவங்க. யாரு முன்னாடி வந்தாலும் இருட்டுல தடவினாக் கைக்குத் தெரியணும்னு ஒரு கல்லை மட்டும் நிறுத்தி வச்சாரு.”

“பொண்டாட்டியா?” என்றார் அப்பா.

“ஆமா. என் அம்மாவைப் பெத்தவ. பக்கத்து டவுன்ல ஒரு சுவர் வேலை, இதோ வரேன்னு சொல்லிட்டுக் கிளம்பினவருதான், திரும்பலை. எங்க அம்மா அப்ப தவழ்ந்துக்கிட்டு இருந்துச்சு. ‘யாரும் இல்லை’ன்னு சொன்னீங்களே, அது இவங்க ரெண்டு பேரு.”

அப்பாவின் கை தானாகப் பொந்துக்குள் போனது. ஒரு கொத்தனாரின் கை அதற்குள் என்ன பார்க்கும் என்று எனக்குத் தெரியும். வெளியே எடுத்தபோது அவர் முகம் சுண்டிப் போயிருந்தது.

“உள்ள சாந்து பூசி வழவழன்னு தேய்ச்சிருக்காரு” என்றார் என்னிடம், ரகசியம்போல. “ஓரத்தை எல்லாம் மழுக்கியிருக்காரு. விரல் உரசாம.”

கட்டிய மனைவியின் விரல் முட்டி சிராய்க்கக் கூடாது என்று அவ்வளவு பார்த்துச் செய்த மனிதர். நாங்கள் அந்தப் பொந்தை அடைத்து, அடைத்த கல்லுக்குப் பெருமை பேசி, மூன்று தலைமுறையாக வீடு வீடாகச் சிமென்ட் வைத்து இறுக்கியிருக்கிறோம்.

“இந்தச் சாவிக்குப் பூட்டே கிடையாது” என்றாள் அவள். “கதவையே மாத்தியாச்சு. ஆனா அது உள்ள இருக்கான்னு தினம் கேட்கும் எங்க அம்மா. இருக்குன்னு சொன்னாத்தான் சோறு இறங்கும். ஆஸ்பத்திரியில இனிமே வீட்டுல வச்சுப் பார்த்துக்கோங்கன்னு அனுப்பிட்டாங்க. இப்ப ஒரே கேள்விதான். எங்களை அவரு தேடினாரா? பால்காரனைக் கேட்கும், கரண்டு ரீடிங் எடுக்க வர்றவனைக் கேட்கும். அவன் பாவம், நான் புதுசுங்கன்னு சொல்லிட்டுப் போறான்.”

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

“அந்தக் காலத்துல கொத்தனாருங்க எத்தனையோ பேரு. வேற ஆளாக்கூட இருக்கலாம்” என்றார்.

“இருக்கலாம். அந்தக் காதை மட்டும் கழட்டி வச்சிட்டுச் சொல்லுங்க, நம்புறேன்.”

அப்பா சாவியை இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினார். கார் வரை போனார். கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, இயந்திரத்தின் மேல் கிடந்த செங்கல்லைப் பார்த்தார்.

“இருந்தாலும்... அந்தக் கல்லு கிடைக்குமாம்மா?”

எனக்கு உடம்பு கூசியது. அவள் நிதானமாக அவரைப் பார்த்தாள்.

“வீட்டுச் சுவரை நிறுத்தி வச்சிட்டு வந்தவராச்சே. எடுத்துக்கோங்க. எனக்கும் அதைப் பார்த்துப் பார்த்துப் புளிச்சுப் போச்சு. ஆனா முறையைப் பார்த்தா நான் உங்க அத்தை மக. சும்மா தூக்கிட்டுப் போக விடமாட்டேன். உள்ள போய் எங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அவரு உங்களைத் தேடினாருன்னு.”

“தேடலையேம்மா.”

“எனக்குத் தெரியாதா? தேடியிருந்தா நான் ஏன் உங்களைக் கேட்கிறேன்?”

“செத்தவரைப் பத்திப் பொய் சொல்லச் சொல்றியா?”

“இத்தனை வீட்டு வாசல்ல சொன்னீங்களே, முத்திரைன்னு. அதோட இதையும் சேர்த்துக்கோங்க.”

அப்பா தலையைக் குனிந்தார். பேச்சுத் தடைபட்டால் அவர் இப்படித்தான் கலவையைப் பார்ப்பதுபோலத் தரையைப் பார்ப்பார். பிறகு உள்ளே வந்து செங்கல்லைக் கையில் எடுத்தார். அதைப் புரட்டி, ஒட்டியிருந்த பழைய மண்ணைக் கட்டை விரலால் தேய்த்தார். உள்ளறைக் கதவைப் பார்த்தார். ஓரடி வைத்தார். அங்கேயே நின்றார்.

“எனக்குப் பொய் வராதும்மா” என்றார். கல்லைக் கீழே வைக்காமலே வெளியே போனார். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

நானும் அவளும் மட்டும் நின்றோம். சுவரில் அந்த இடம் பல் விழுந்த வாய்போல இருந்தது. அவள் சாவியை எடுத்துப் பழையபடி பொந்துக்குள் வைத்தாள். மூட இப்போது ஒன்றும் இல்லை. குவியலிலிருந்து ஒரு துணித் துண்டை உருவி உருட்டி அதன் வாயில் திணித்தாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “யாருடி வந்திருக்கா?”

அவள் என் கையைப் பிடித்து உள்ளறை வாசலுக்குக் கூட்டிப் போனாள். கட்டிலில் கிடந்த உருவத்தில் எனக்கு முதலில் தெரிந்தது காதுதான். தலையணையில் அழுந்தியும் விரிந்தே இருந்தது.

“உனக்கு நான் பெரியம்மா முறை ஆகணும்” என்றாள், தணிந்த குரலில். “அந்த உரிமையில கேட்கிறேன். உங்கப்பா வாயில வராதது உன் வாயில வரட்டும். தேடிக்கிட்டே இருந்தாருன்னு சொல்லு. காது பெருசா இருக்கே தவிர எங்க அம்மாவுக்குச் சரியாக் கேட்காது. கொஞ்சம் சத்தமாச் சொல்லணும், கார் வரைக்கும் கேட்கிற மாதிரி. சொல்லுவியா கண்ணு?”