வேலாமரத்துக்கு மூன்றடி தள்ளி

ஆவணி பிறந்ததும் சென்னப்பன் முளைக்குச்சி அடித்து நூல் கட்டினான். இருபது வருடமாகப் பெங்களூரில் ஊரார் வீட்டுக்கெல்லாம் சுவர் எழுப்பிய கொத்தனார் அவன். கடத்தூருக்குப் பக்கத்தில், சொந்தக் காட்டில், தனக்கென்று கட்டுவது இதுதான் முதல் தடவை. நூல் பிடித்த பிறகுதான் தெரிந்தது, சமையலறை மூலை கிணற்றோரத்து வேலாமரத்தின் மேலேயே விழுகிறது என்று. கோடரியை எடுத்துவந்தான்.

வந்தவன் உடனே வெட்டவில்லை. கிணற்றுப் பக்கம் சாய்ந்த கிளையில் ஏழெட்டுத் தூக்கணாங்குருவிக் கூடுகள். மஞ்சள் தலை ஆண்குருவி ஒன்று சோளத்தோகையை நாராகக் கிழித்துவந்து, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பின்னியது. தூக்குக்குண்டு கிடையாது, ரசமட்டம் கிடையாது, அலகு ஒன்றுதான். பாதி பின்னியதும் பெட்டைக்குருவி வந்தது. உள்ளே எட்டிப் பார்த்து, ஒரு நாரை அலகால் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது. ஆண்குருவி அந்தக் கூட்டை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த கொப்பில் புதிதாக முடிச்சுப் போட ஆரம்பித்தது. தொழில்காரன் என்றால் இவனல்லவா! சென்னப்பனுக்கு அதன் மேல் மரியாதையே வந்துவிட்டது.

"குருவி குஞ்சு பொரிச்சுப் போவட்டும் புள்ள, தை மாசம் வெட்டிக்கலாம்" என்றான். பெரிய மனசு பண்ணிச் சொன்னதாக அவனுக்கு நினைப்பு.

ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்த மனைவி தீர்த்தம்மாள் நிமிரவில்லை. "அப்பவும் வேணாங்க."

"நம்ம வூடு எழும்பணுமில்ல? குருவிக்கு வேற மரமா கெடைக்காது?"

"குருவிக்குக் கெடைக்குங்க. அது கெட்டிக்காரந்தான், நானும் தெனம் வாயப் பொளந்துதான் பாக்குறேன். நாலு மாசம் இருக்கும், போயிரும். இந்த மரம் எங்க போச்சு? கெணறு வத்துன வருசம் நீங்க பெங்களூர்ல இருந்தீங்க. சோளம் ஒரு கருது இல்ல. இது காயத் தின்னுதான் ஆடு பொழச்சுது. அந்த ஆடுங்கதான் நம்ம புள்ள பாரதிய காலேஜு படிக்க வெச்சுது."

குரலில் குறை ஏதுமில்லை. அதுதான் சென்னப்பனுக்குச் சுருக்கென்றது. பதினைந்து நாளைக்கொரு தடவை பையைத் தூக்கிக்கொண்டு வந்துபோனவனுக்கு மரம் வெறும் நிழலாகத்தான் தெரிந்திருந்தது. கோடரியைக் கீழே போட்டுவிட்டு அடிமரத்தைத் தடவினான். வெளிறிய பட்டையில் ஆடுகள் உரசி உரசி ஓரிடம் வழவழத்திருந்தது. கிளைகளில் தொரட்டி இழுத்த தழும்புகள், எண்ணி மாளாது. தண்ணீர் ஊற்றியவர் இல்லை, உரம் போட்டவர் இல்லை, பஞ்சத்திலும் காய்த்திருக்கிறது. எத்தனை கூடு பின்னினாலும் தொங்குவதற்கு ஒரு கொப்பு வேண்டுமே என்று நினைத்தான். நினைத்ததும் அவளைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

முளைக்குச்சியைப் பிடுங்கி மூன்றடி தள்ளி அடித்தான். அவளுக்கென்று மனதுக்குள் கட்டிவைத்திருந்த பெரிய சமையலறை சின்னதாகிப்போனது. அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் முழு வீட்டையும் திருப்பிப் போட வேண்டியதுதான்.

தழையை வைத்துவிட்டுத் தீர்த்தம்மாள் எழுந்து வந்தாள். புது மூலைக்குள் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். பிறகு குனிந்து, நூலை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். சென்னப்பன் சுத்தியலும் கையுமாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.