பக்கத்து வீட்டு மஞ்சள்

நாற்பத்தைந்து வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். அந்தப் பாப்பா சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாள். நடுச்சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு ஒட்டி நின்ற இரண்டு வீடுகளில் ஒன்று அவர்களுடையது, மற்றது நர்ஸ் அக்காவுடையது. ஒரே மாதிரி கேட், ஒரே மாதிரி படி, ஒரே வெளிறிய மஞ்சள். மஞ்சள் அலுத்துவிட்டது என்று பாப்பா தன் பாதிக்கு மட்டும் நீலம் அடித்தாள். அப்பாவுக்கு ஞாபகம் மங்கிக்கொண்டிருந்த நேரம் அது. புது நிறத்தைப் பார்த்தால் மனிதர் கொஞ்சம் தெளிவார் என்று வேறு நினைத்தாள். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்பது பொய்யா?

வழக்கமான சாயங்கால நடை முடிந்து திரும்பிய அப்பா, நீல வீட்டை ஏறிட்டும் பார்க்காமல் நர்ஸ் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார். மறுநாளும் அதுவே. இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டுப் பகலில் கண்ணயர்கிறவளை எழுப்பி, "என் வீட்டுல நீ யாரும்மா?" என்று கேட்டால் அவள்தான் எத்தனை நாள் பொறுப்பாள்? பாப்பா போய்க் கையைப் பிடித்தால் நிலைமை இன்னும் மோசமானது. "கூப்பிடாத வீட்டுக்குள்ள நான் நுழைய மாட்டேன். கையை விடும்மா" என்று தெருவே கூடும்படி கத்தினார். எல்லாம் மறந்துபோனாலும் மனிதருக்கு அந்த ரோஷம் மட்டும் மறக்கவில்லை. கத்திக் களைத்த பிறகுதான் உள்ளே கொண்டுவர முடிந்தது. உள்ளே வந்து தன் நாற்காலியில் சாய்ந்ததும், ஒன்றுமே நடக்காதது போல, "பாப்பா, தண்ணி குடு" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சேதி அண்ணன் காதுக்குப் போயிற்று. அவன் முதியோர் இல்லத்தில் இடம் பேசிவிட்டுத்தான் போன் செய்தான்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன். அப்பா தானா நம்ம வாசலுக்கு வந்தா நான் வாயைத் திறக்கல. இல்லன்னா கூட்டிட்டுப் போயிடுவேன். நாளைக்கே வேற எங்கயாவது போயிட்டார்னா என்ன பண்ணுவ?"

போனை வைத்த கையோடு பாப்பா, பழைய மஞ்சளையே திரும்ப அடிக்கச் சொல்லிப் பெயிண்டரைத் தேடி ஓடினாள்.

பெயிண்டர் நிற அட்டையை விரித்து நர்ஸ் அக்கா சுவரோடு ஒட்டிப் பார்த்தார். அட்டையில் மஞ்சளுக்குப் பஞ்சமில்லை, இந்த மஞ்சள் மட்டும் இல்லை.

"இது டப்பாவுல வர்ற கலர் இல்லம்மா. வெயிலும் மழையும் வருஷக்கணக்கா அடிச்ச கலர். அதை நான் எங்க போய் வாங்க?"

"எப்படியாவது பண்ணுங்கண்ணே. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்."

நர்ஸ் அக்கா தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்து, "வேணுங்கிறதைச் சுரண்டி எடுத்துக்க. என் தூக்கம் திரும்பக் கிடைச்சா போதும்" என்றாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. கைக்கு எட்டியது என்று ஜன்னல் சன்ஷேடுக்கு அடியில் சுரண்டி, பெயர்ந்த சில்லைப் பெயிண்ட் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள் பாப்பா. கடைக்காரரின் மெஷின் அதை அச்சு அசலாகக் கலந்து கொடுத்தது. அடித்துப் பார்த்தால் பளீரென்று பல்லை இளிக்கிறது. வெயில் படாத இடத்துச் சில்லு அல்லவா, அதற்கு வயதே ஆகவில்லை.

அப்புறம் பெயிண்டர் கையாலேயே கலந்தார். கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் காவி, நிறைய வெள்ளை. ஈரத்தில் சரியாகத் தெரிந்தது காய்ந்ததும் வேறாயிற்று. காலையில் ஒத்துப்போனது சாயங்கால வெயிலில் பிரிந்து நின்றது. அம்மை வார்த்த முகம் போலச் சுவரெங்கும் திட்டுத் திட்டாக மஞ்சள். ஒவ்வொரு திட்டும் காய்கிறவரை பாப்பா பக்கத்திலேயே நின்றாள். அப்பாவின் துணிகளை மடித்துவைக்கச் சொல்லி அண்ணன் மறுபடி போன் செய்தபோது, பாதியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்க்க ஓடினாள்.

சனிக்கிழமை கடைசித் திட்டு காய்ந்தது. தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தார்கள். எது பழசு, எது புதுசு என்று பெயிண்டருக்கே தெரியவில்லை. இருட்டுவதற்குள் ஆள் வைத்து முழுச் சுவரையும் முடித்தார். பாப்பா அழுதேவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். பாப்பா கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். தெருமுனையில் அப்பா வந்தார். மெதுவாக, பழகிய நடைதான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வந்ததும் கால் நின்றது. இந்தக் கேட்டைப் பார்த்தார், அந்தக் கேட்டைப் பார்த்தார், திரும்ப இதைப் பார்த்தார். முன்பு கால் பழக்கம் அவரைச் சரியான கேட்டுக்குக் கொண்டுவந்தது, நீலம் அதைக் கலைத்துவிட்டது. அவள் இப்போது மறைத்துவிட்ட அந்த நீலம், இது உன் வீடில்லை, மற்றதுதான் என்றாவது அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது சொல்ல யாருமில்லை.

"வாங்கப்பா. நம்ம வீடுதான், வாங்க" என்றாள்.

அவர் தெரியாத பெண்ணிடம் பேசுகிற மரியாதையோடு சிரித்தார். "ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கும்மா. தப்பா நுழைஞ்சிட்டா அசிங்கம். என் பொண்ணு வந்து கூப்பிடட்டும், நான் இங்கயே நிக்கிறேன்."

"நான்தாம்பா உங்க பொண்ணு."

"இருக்கட்டும்மா, இருக்கட்டும்" என்றார், அவள் மனம் புண்படாமல்.

நின்றார். வெயில் இறங்கியது. அவர் காலை மாற்றி மாற்றி ஊன்ற ஆரம்பித்ததை இருவரும் பார்த்தார்கள். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஐயா, ரொம்ப நேரமா நிக்கிறீங்க. வாங்க, கார்ல உக்காருங்க" என்றான். அப்பா என்று கூப்பிட அவனுக்கு நா எழவில்லை. அவர் நன்றி சொல்லி, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். பிறகு கண்ணாடியை இறக்கச் சொல்லி, பாப்பாவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"என் பொண்ணு பாப்பா தேடிட்டு வருவா. பாவம், பயந்த சுபாவம். நல்லவங்க கூடத்தான் போயிருக்கேன், அழ வேண்டாம்னு சொல்லிடும்மா."

"சொல்லிடறேங்க" என்றாள் பாப்பா.