பிந்திப் பிறந்த மூத்தவன்

பிளாஞ்சார்ட் வீட்டின் கடைசிப் பிள்ளை நெட், நான்கு வயது நடந்துகொண்டிருந்த குளிர்காலத்தில் தன் அக்காக்கள் இருவரையும் தாண்டி வீட்டின் மூத்த பிள்ளையானான். கிரிம்ஸ்பி துறைமுகத்தை ஒட்டிய அந்தத் தெருவில் இதற்காக யாரும் வாயைப் பிளக்கவில்லை. அதே வாரம் ஹேடாக் மீனும் விலை ஏறியிருந்தது; இரண்டையும் பற்றி ஒரே மூச்சில் பேசிவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

காரணம் தெருவுக்கே தெரியும். மீன் தொழிற்சாலையில் நெட்டின் அப்பா டீனின் வேலை நேரத்தைப் பாதியாக வெட்டியதும், அவன் மனைவி கிர்ஸ்டி பிள்ளைகளுக்கான உதவித்தொகை கேட்டு அரசு அலுவலகத்துக்குப் போனாள். மடியில் நெட். இரட்டையர்களான அக்காக்கள் டில்லிக்கும் பிரையனிக்கும் பணம் உண்டு, இவனுக்குக் கிடையாது என்றார்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு பிறந்த மூன்றாவது பிள்ளை காற்றைக் குடித்து வளர வேண்டும் என்பது லண்டனில் வயிறு நிறைந்தவர்கள் எடுத்த முடிவு. உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று அவர்களை எவனும் கேட்டதில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த பாலின் என்ற அலுவலர் கெட்டவளும் அல்ல. அதுதான் இன்னும் எரிச்சல். நெட்டிடம் ஒரு பிஸ்கட்டை நீட்டிக்கொண்டே விதியை விளக்கினாள்.

“பையன் மொதல்ல பொறந்து, ரெட்டைங்க பின்னாடி வந்திருந்தா மூணு பேருக்கும் கெடச்சிருக்கும்மா. ரெண்டாவது பிரசவம் ரெட்டைன்னா மட்டுந்தான் மூணாவதுக்கும் விலக்கு. உங்களுக்கு வரிசை மாறிப்போச்சு.”

“வரிசையா? வயித்துக்குள்ள க்யூ கட்டி நிக்க வெச்சு, டோக்கன் குடுத்து அனுப்பியிருக்கணுமா?” என்றாள் கிர்ஸ்டி.

“நான் போட்ட சட்டம் இல்லம்மா.”

“யாருமே போடல. தானா மொளச்சுது, இல்ல?”

நெட் பிஸ்கட்டைக் கடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் அவன் சட்டைக் கை முழங்கைக்கு ஏறியிருந்தது. பிப்ரவரியில் அக்காக்களைத் தாண்டினான்; ஈஸ்டருக்குள் குரல் உடைந்தது. பால் பற்கள் அத்தனையும் ஒரே வாரத்தில் உதிர்ந்ததில், தலையணைக்கடியில் காசு வைக்கும் பல் தேவதைக்கே கட்டுப்படியாகவில்லை. டீனின் பழைய சட்டைகள் ஜூன் வரைதான் தாங்கின. பக்கத்து வீட்டு மோரீன் சவர பிளேடு கொண்டுவந்து கொடுத்து, “எங்க வீட்டு ஆளு அம்பது வயசாகியும் வளரல, உம் புள்ளயப் பாரு,” என்று சிரித்தாள். கிர்ஸ்டிக்குச் சிரிப்பு வரவில்லை. விடிந்ததும் அவன் தோளைப் பிடித்துக் கீழே அழுத்துவாள். “போதும்டா ராசா, நில்லு. அந்தப் பணம் நாசமாப் போகட்டும். நீ சின்னவனாவே இரு.” அவனோ உடைந்த குரலில், மழலை மாறாமல், “கிட்ட வந்துட்டேம்மா,” என்பான்.

ஆகஸ்டில், தாடி முளைத்த மகனைக் கூட்டிக்கொண்டு அவள் மறுபடி பாலின் முன்னால் போய் நின்றாள்.

“இவன்தான் மூத்தவன். ரெட்டைங்க அடுத்து. இப்ப வரிசை சரியா இருக்கா?”

பாலின் அண்ணாந்து பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை, அந்த மாதம் இப்படி வந்தவர்களில் இவன் முதல் ஆளும் அல்ல. “மூத்தவர்தான், ஒத்துக்கறேன். ஆனா இவரு இப்ப கொழந்தை இல்லையேம்மா. கொழந்தைக்குத்தான காசு.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “இன்னொண்ணு. இருபத்தொண்ணு தாண்டுன ஆள் வீட்டுல இருந்தா, வாடகைக்குக் குடுக்கறதுலயும் கொஞ்சம் புடிப்போம்.”

கிர்ஸ்டி பிஸ்கட் தட்டை எடுத்துச் சுவரில் அடித்தாள். காவலாளி ஓடிவந்தான். ஆறடி உயர நெட் பயந்துபோய் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவள் கோட்டைப் பற்றிக்கொண்டான். ஒரு தட்டு மட்டும் உடைந்தது போதாது என்பதே தெருவின் கருத்து.

வளர்ந்தது திரும்பவில்லை. மருத்துவர் உடம்பு நன்றாக இருக்கிறது என்றார். பள்ளிக்கூடத்தில் அவன் உட்காரும் அளவுக்கு நாற்காலி இல்லை என்றார்கள். துறைமுகத்துக் குளிர்கிடங்கில் ஆள் தேவைப்பட்டது. மேலாளர் அவன் தோள்களைப் பார்த்தாரே தவிர வயதைக் கேட்கவில்லை. அவன் கூலியில்தான் டில்லிக்கும் பிரையனிக்கும் குளிர்காலக் கோட்டு வாங்கினார்கள். ஒரு பிள்ளையின் பிள்ளைப்பருவத்தை எடுத்து இரண்டு பேருக்குக் கோட்டு தைத்தது அரசாங்கம். சிக்கனம் என்று அதற்குப் பெயரும் வைத்தது. அக்டோபரில் நெட்டுக்கு ஐந்து வயது நிறைந்தது. தெருவே வந்து பாட்டுப் பாடி, கேக் தின்று, மூத்தவனை வாழ்த்திவிட்டுப் போயிற்று.

இப்போதெல்லாம் கிடங்குப் பேருந்து வரும் நேரத்தில் அவன் வாசற்படியில் உட்கார்ந்து கனத்த பூட்ஸ் கால்களை நீட்டுகிறான். நாடா கட்ட அவனுக்குக் கற்றுக்கொடுக்க நேரமே இருக்கவில்லை. கிர்ஸ்டி ஈர நடைபாதையில் மண்டியிட்டு இரட்டை முடிச்சாகப் போட்டுவிடுகிறாள். ஓட்டுநர் ஹாரன் அடிப்பதில்லை. பேருந்தில் இருக்கும் ஆட்கள் சன்னலோர இடத்தை அவனுக்காகக் காலியாக வைத்திருக்கிறார்கள்.