பங்கு போட ஆளில்லை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் உலர்த்தும் அறைக்குள் நுழைந்தால் யாருக்கும் கண் சொக்கும். வரிசை வரிசையாக வெள்ளைப் படுக்கை விரிப்புகள், நடுவே ஆவியும் சோப்பு வாசமும், எங்கிருந்தோ மின்விசிறியின் முனகல். ஒரு விரிப்பை விலக்கினால் இன்னொரு விரிப்பு வந்தது. அங்கே வேலை பார்க்கும் அக்கா எங்கே நிற்கிறாள் என்பதை இருமல் சத்தத்தை வைத்துத்தான் தங்கை கண்டுபிடித்தாள்.

தங்கை பாடநூல் மொழிபெயர்ப்பவள். எப்போதும் அகராதியும் கையுமாகத் திரிவாள், வாயும் கொஞ்சம் நீளம். இரண்டுக்கும் சேர்த்து அக்கா வைத்த பெயர் 'அகராதி'. அன்று இரண்டு காகிதங்களோடு வந்திருந்தாள். ஒன்று, சாயங்காலம் அச்சகத்துக்குப் போக வேண்டிய அத்தியாயம். மற்றது அக்காவின் விண்ணப்பம். கொதிகலன் இயக்கும் வேலைக்கான படிப்பு, ஐந்து மணியோடு கடைசி. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. போட்டுவிட்டால் இந்த ஈரத்திலிருந்து விடுதலை. பதினாறு வருஷ ஈரம் அக்காவின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் போட மாட்டேன் என்று ஒரு வாரமாக ஒற்றைக் காலில் நிற்கிறாள், மகராசி.

"படிப்பெல்லாம் எனக்கு ஏறாதுடி. அம்மா உனக்கு மூளைய அள்ளிக் குடுத்தா, எனக்குக் கிள்ளிக் குடுத்தா. என் பங்கு அவ்வளவுதான்."

"ஆரம்பிச்சுட்டியா!"

"நீ வந்த வேலையப் பாரு. படி, கேக்குறேன்."

அச்சுக்குப் போகும் முன் அத்தியாயத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். காதில் இடறினால் திருத்திவிடலாம். அகராதி துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். 'மூலக்கூறுகளிடையே ஆற்றல் பங்கீடு.' ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் எல்லாவற்றிடமும் ஒரே ஆற்றல் இராது. பலவற்றிடம் கொஞ்சம், சிலவற்றிடம் ஏராளம். ஓயாமல் மோதிக் கொடுத்தும் வாங்கியும் வருகின்றன. வாசிக்க வாசிக்க அவளுக்கே கண் செருகியது. விரிப்புகள் அசைந்தன. இழைகளுக்குள் கோடானுகோடிப் பொடிசுகள் இடித்துக்கொண்டு திரிவதும், ஒன்று திடீரென்று துள்ளிக் காற்றில் ஏறிப் போவதும் கண்ணில் தெரிந்தன. தன் குரலே பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோல் கேட்டது.

"நில்லு, நில்லு" என்றாள் அக்கா. "இந்த மோதல்ல வாங்கினத அடுத்த மோதல்ல விட்டுடுமா?"

"விட்டாலும் விடும். இப்ப சோம்பிக் கிடக்கிறது அடுத்த நொடி பறக்கும்."

"அதான பாத்தேன்! இங்க எதுவும் கொதிக்கல, ஆனாலும் துணி காயுது. எதுக்கு அந்நேரம் வேகம் கிடைக்குதோ அது கிளம்பிடுது. பின்னாடியே இன்னொன்னு கிளம்பும்." அக்கா ஒரு விரிப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "சரி, இதுல பங்கு போடுறது யாரு?"

"யாருமில்லக்கா. தானா நடக்குது."

"பின்ன பங்கீடுன்னு எழுதி வச்சிருக்க? பங்குன்னா ஒருத்தர் உக்காந்து பிரிச்சுக் குடுக்கணும். குடுத்தது குடுத்ததுதான். இது அப்படியா?"

அகராதிக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. நாற்பத்து மூன்று இடத்தில் அந்தச் சொல்லைப் போட்டிருந்தாள். படிக்கிற பிள்ளைகளின் மனத்தில் யாரோ ஒருவர் கையில் கரண்டியோடு நின்றிருப்பார். ஐயோ, இது எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. மூளை இல்லாதவள் என்று அக்கா தன்னையே சொல்லிக்கொள்ளும்படி இத்தனை வருஷம் விட்டுவிட்டோமே என்று அதைவிட வலித்தது.

"பரவல்னு போடட்டுமா?"

"பரவல்..." அக்கா வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "ம். இதுல யாரும் கரண்டி பிடிக்கல."

ஆளுக்குப் பாதித் தாள்களை எடுத்துக்கொண்டு அடித்துத் திருத்தினார்கள். நாலரை ஆயிற்று. கடைசிப் பங்கீட்டையும் அடித்துவிட்ட பிறகு அக்கா பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"ஏண்டி அகராதி, அப்போ அம்மா..."

"அம்மா கையில கரண்டியே இல்லக்கா."

அக்கா நெடுநேரம் இருமினாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"அந்த விண்ணப்பத்தக் குடு" என்றாள் அக்கா. "கை வேற வேர்க்குது. மை பரவிடப் போகுது."

"பரவினா பரவட்டும்க்கா" என்றாள் அகராதி.